செய்தவளே சொல்லட்டும்: ரோபோப் போட்டிகளில் நடுவர் நேர்காணல் வளர்ந்த வரலாறு

நூற்றாண்டு மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. பாடசாலையின் வரலாற்றை என்னிலும் மூத்த சகோதரியர் இம்மலரில் எழுதுகிறார்கள். நான் வேறொரு சின்ன வரலாற்றை எடுத்துக்கொண்டேன். காரணம், நமது பாடசாலையின் இன்றைய ரோபோ அணிப் பிள்ளைகள். அவர்கள் பழைய மாணவியர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். பணமோ கணினியோ கேட்கவில்லை. “ரோபோ ஓடுது. நடுவர்மாரோட கதைக்கத்தான் பயமா இருக்கு. யாராவது வந்து எங்களைக் கேள்வி கேட்டுப் பழக்குவீங்களா?” என்று கேட்டார்கள்.

வைத்தியர் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மருத்துவபீடத்தில் பரீட்சகர் முன் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்லாமல் எவரும் வைத்தியராக முடியாது. அந்தப் பயத்தை நான் அறிவேன். ஆனால் இந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஓர் இயந்திரம் ஓடினால் போதாது, அதைச் செய்த பிள்ளை வாய் திறந்து விளக்கவும் வேண்டும் என்ற விதி எப்படி வந்தது? அதற்கு ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதுகிறேன்.

அவையும் தடைவிடையும்

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை அல்ல. தமிழில் ஒரு நூலை எழுதி முடித்த புலவர் அதை அவையில் அரங்கேற்ற வேண்டும். அவையிலிருக்கும் கற்றோர் தடை எழுப்புவார்கள். புலவர் விடை சொல்லுவார். விடை சொல்ல முடியாதவர் நூலுக்கு மதிப்பு இருக்காது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. யாரிடம் பேசுகிறோம் என்று அறிவது ஒன்று, பேச அஞ்சாதிருப்பது மற்றொன்று. அவற்றை வள்ளுவர் வெவ்வேறாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். நடுவர் முன் நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

ஐரோப்பிய பல்கலைக்கழகங்களிலும் நெடுங்காலம் பரீட்சை என்றால் வாய்மொழி விவாதம்தான். எழுத்துப் பரீட்சை பின்னர் வந்தது. மருத்துவம் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் எழுதியவர் விடயத்தை அறிந்திருக்கிறாரா, மனனம் செய்திருக்கிறாரா என்பதை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது பரீட்சகர்களின் அனுபவம்.

பெண்களுக்கு அந்தப் பரீட்சை அறையின் வாசலே நீண்ட காலம் மூடியிருந்தது. 1870 நவம்பர் 18 அன்று எடின்பரோ நகரில் உடற்கூற்றியல் பரீட்சைக்குச் சென்ற மாணவியரை ஒரு கூட்டம் வழிமறித்துச் சேற்றை அள்ளி வீசியது. அவர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. 2019 இலேதான், அவர்கள் இறந்து பல்லாண்டுகளின் பின், கௌரவப் பட்டம் வழங்கியது. கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1870 இல். அங்கே பெண்கள் 1892 இல் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எமக்கு முந்திய பெண்கள் கேள்வி கேட்கப்படும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்தது. கேள்வி கேட்பவரைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு இதை நான் முதலில் சொல்லுவேன்.

மைதானத்துக்கு வெளியே ஓர் அறை

பாடசாலைப் பிள்ளைகள் தம் ஆய்வின் அருகே நின்று நடுவருக்கு விளக்கும் வழக்கம் அமெரிக்க அறிவியல் கண்காட்சிகளில் வளர்ந்தது. 1950 இல் பிலடெல்பியாவில் நடந்த முதலாவது தேசிய அறிவியல் கண்காட்சி அதற்கு ஒரு மைல்கல். அது பின்னர் சர்வதேசக் கண்காட்சியாக மாறியது.

ரோபோப் போட்டியின் வேர் வேறு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வூடி பிளவர்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் பொறியியல் வடிவமைப்புப் பாடத்தை ஒரு போட்டியாகவே நடத்தினார். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான உதிரிப்பொருட்கள் நிறைந்த பெட்டி கிடைக்கும். அதிலிருந்து ஓர் இயந்திரம் செய்து மற்றவரின் இயந்திரத்தோடு மோத விட வேண்டும். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் இவரோடு சேர்ந்தார். மருத்துவத் துறையினருக்குக் கேமன் அந்நியரல்ல. மருத்துவ மாணவராக இருந்த தம் சகோதரரின் தேவையைக் கேட்டு, மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் உடலில் அணியக்கூடிய பம்பை 1970களில் உருவாக்கியவர் அவர். வீட்டிலிருந்தபடியே வயிற்றறை வழியாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் கருவியிலும் அவருடைய பங்கு உண்டு. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயாளரைப் பார்த்திருக்கும் எந்த இலங்கை வைத்தியருக்கும் அத்தகைய கருவியின் அருமை தெரியும்.

கேமன் 1989 இல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதலாவது போட்டி 1992 இல் நியூஹம்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், 28 அணிகளோடு நடந்தது. அந்த அமைப்பின் மிக உயர்ந்த விருது மைதானத்தில் வென்ற ரோபோவுக்கு அல்ல. தன் ஊருக்கும் மற்ற அணிகளுக்கும் முன்மாதிரியாக இருந்த அணிக்கு அது போகும். அதை எழுதியும் நடுவர் முன் பேசியும் நிலைநாட்ட வேண்டும். கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிரணியையும் மதித்து உதவு என்ற கொள்கையைப் பிளவர்ஸ் வகுத்தார். 2019 இல் அவர் மறையும் வரை அதுவே அப்போட்டிகளின் உயிராக இருந்தது; இன்றும் இருக்கிறது.

1998 இல் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து சிறுவருக்கான போட்டியும் தொடங்கியது. இன்று அதில் ரோபோ மேசையில் ஓடும் நேரம் இரண்டரை நிமிடம். ரோபோ எடுக்கும் புள்ளி, அதன் வடிவமைப்பு, அணி செய்த ஆய்வு, அணியினர் நடந்துகொண்ட முறை ஆகிய நான்குக்கும் சம பங்கு. முதலாவதைத் தவிர ஏனையவற்றுக்குப் பிள்ளைகள் நடுவர்களோடு ஏறத்தாழ அரை மணி நேரம் அமர்ந்து கதைக்க வேண்டும். பயிற்றுநர் உடனிருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. மாதக்கணக்காக மோட்டரோடும் கம்பியோடும் மல்லாடிய பிள்ளைகளுக்குப் புள்ளியின் பெரும்பகுதி அந்த அறையில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி? விடை எளிது. பெரியவர்கள் செய்துகொடுத்த ரோபோவும் பிள்ளைகள் செய்த ரோபோவும் மேசையில் ஒரே மாதிரி ஓடும். அறைக்குள் அப்படி அல்ல.

பாலைவனத்துப் பிள்ளைகளும் நீர்மூழ்கி ரோபோவும்

இந்த அறையின் வலிமையைக் காட்டிய நிகழ்ச்சி 2004 இல் நடந்தது. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பாடசாலை இருக்கிறது. கடலைக் காணாத பாலைவன ஊர். அங்கே படித்த கிறிஸ்டியன் ஆர்சேகா, லொரென்சோ சாந்தியான், ஒஸ்கார் வாஸ்குவெஸ், லூயிஸ் அரண்டா ஆகிய நால்வரும் மெக்சிக்கோவிலிருந்து சிறு வயதில் வந்தவர்கள். வறிய வீட்டுப் பிள்ளைகள். குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்கள். பிரெடி லஜ்வார்டி, அலன் கமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள் அவர்களை நீரடி ரோபோப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தினார்கள். மற்றப் பாடசாலைகளிடம் தோற்பதை விடப் பல்கலைக்கழகங்களிடம் தோற்பது மேல் என்று எண்ணி, உயர் பிரிவிலேயே பதிந்தார்கள்.

ரோபோவைப் பிளாஸ்ரிக் குழாய்களால் செய்தார்கள். பிசினின் நாற்றத்தால் அதற்கு ‘ஸ்ரிங்கி’, அதாவது நாற்றம் பிடித்தது, என்று பெயர் வைத்தார்கள். செலவு ஏறத்தாழ 800 டொலர். எதிரே நின்றவர்களில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் அணியும் ஒன்று. அதற்கு எக்ஸன்மொபில் எண்ணெய் நிறுவனத்தின் அனுசரணை இருந்தது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் போட்டிக்கு முன் நடந்த பயிற்சியில் மின்கலப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. கசிவை முற்றாக அடைக்க நேரமில்லை. உறிஞ்சும் பொருள் ஏதாவது உள்ளே வைக்க வேண்டும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் உறிஞ்சு பஞ்சுதான் பொருத்தமானது என்று தெரிந்ததும், கடைக்குப் போய், எது அதிகம் உறிஞ்சும் என்று அங்கிருந்த ஒரு பெண்ணிடமே கேட்டு வாங்கி வந்தவர் லொரென்சோ. ஓர் ஆண் பிள்ளை வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அறிவுபூர்வமாகக் கேட்டு வாங்கிய கதை இது. நமது வகுப்பறைகளில் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பொறியியல் நேர்காணலில் நடுவர்களாக அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் ரொம் ஸ்வீன், நாசாவின் லிசா ஸ்பென்ஸ் போன்றோர் இருந்தார்கள். ஆசிரியர்கள் வெளியே காத்திருந்தார்கள். லேசர் அளவுகருவி நீருக்குள் எப்படிச் சரியாகத் தூரத்தைக் காட்டுகிறது என்று கேட்கப்பட்டபோது, நீரின் முறிவுச் சுட்டிக்கு ஏற்ப 30 வீதம் திருத்தம் செய்ததாகக் கிறிஸ்டியன் விளக்கினார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த சகோதரியருக்கு இது உடனே விளங்கும். ஒளி நீருக்குள் வளியில் செல்வதை விட மெதுவாகச் செல்கிறது. நீரின் முறிவுச் சுட்டி 1.33. அந்தப் பாடம் அவருக்குச் சூத்திரமாக அல்ல, கையில் பட்ட அனுபவமாகத் தெரிந்திருந்தது. மீற்றர் அளவுகளில் இவ்வளவு இலகுவாகப் பேசுகிறீர்களே என்று நடுவர் வியந்தபோது, தாம் மெக்சிக்கோவில் வளர்ந்தவர் என்று ஒஸ்கார் பணிவாகச் சொன்னார். ஏன் பவர்பொயின்ட் இல்லை என்ற கேள்விக்குக் கிறிஸ்டியன் சொன்ன விடையின் சாரம், சொல்ல வேண்டியது தெரியாதவர்களுக்கே அது தேவைப்படும் என்பது.

பரிசளிப்பில் முதலில் அவர்களுக்கு ஒரு சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆறுதற் பரிசு என்று நினைத்தார்கள். பின்னர் வடிவமைப்புக்கான பரிசு. பின்னர் தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கு! இறுதியில் ஒட்டுமொத்த முதலிடமும் அவர்களுக்கே. மசாசூசெட்ஸ் அணி இரண்டாமிடம். 2015 இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

பரிசு வென்றதால் வாழ்க்கை நேராகிவிடவில்லை. 2006 இல் அரிசோனா வாக்காளர் ஏற்றுக்கொண்ட ஒரு சட்டம் பத்திரமில்லாத மாணவரின் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பல மடங்காக்கியது. ஒஸ்கார் பொறியியல் பட்டம் பெற்றபின் தாமாகவே மெக்சிக்கோ சென்று, பின்னர் சட்டப்படி திரும்பி வந்தார். நடுவர் அறையில் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. அறைக்கு வெளியே அதற்காக மேலும் காத்திருக்க நேர்ந்தது. இதையும் மறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஹெராத் நகரப் பெண்கள்

இரண்டாவது நிகழ்ச்சி பெண் பிள்ளைகளுடையது. 2017 யூலையில் வாஷிங்டனில் 150 இற்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் கூடிய உலகப் போட்டி நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு மாணவியர் கொண்ட அணி விண்ணப்பித்தது. விசாவுக்காக ஹெராத்திலிருந்து காபூலுக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தூரத்தை இரண்டு முறை கடந்தார்கள். இரண்டு முறையும் விசா மறுக்கப்பட்டது. அவர்களுக்கு அனுப்பப்பட்ட உதிரிப்பாகங்கள் சுங்கத்தில் மாதக்கணக்கில் தங்கின. அதுவரை வீட்டில் கிடைத்த பொருட்களைக் கொண்டு பழகினார்கள். உலகெங்கும் எழுந்த குரலின் பின்னர் கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. தூய நீர் என்ற கருப்பொருளில் அமைந்த அப்போட்டியில், துணிச்சலான சாதனைக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள்.

அடுத்த மாதமே அணித் தலைவி பாத்திமா காதர்யானின் தந்தை ஹெராத் பள்ளிவாசலில் நடந்த குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். அதே ஆண்டின் இறுதியில் அந்த அணி எஸ்தோனியா நாட்டில் சிறு விவசாயிகளுக்கு உதவும் சூரியசக்தி ரோபோவை முன்வைத்து ஒரு போட்டியில் வென்றது. 2020 கொவிட் காலத்தில், டொயோட்டா கொரோலா காரின் மோட்டரையும் ஹொண்டா மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் கொண்டு மலிவான செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றைச் செய்தார்கள். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அணியினர் பலர் கட்டார் முதலிய நாடுகளுக்குச் சென்றார்கள். இன்று அவர்களின் நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வியே இல்லை.

இந்தப் பிள்ளைகளிடம் உலகப் பத்திரிகையாளர் கேட்ட கேள்விகள் நடுவர்களின் கேள்விகளிலும் கடினமானவை. அவர்கள் தமக்குத் தெரிந்த அளவு ஆங்கிலத்தில், தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்போடு பேசினார்கள். மொழி குறைந்ததால் அவர்களின் வேலை குறைந்ததாக எவரும் நினைக்கவில்லை.

பாலாவியில்

கொழும்பு வீதி புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் பிரியும் சந்தி நம்முடையது. நான் படித்தது தொண்ணூறுகளில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் மண்ணுக்கு வந்து சேர்ந்த காலம் அது. வகுப்பில் மன்னார்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் புத்தளத் தமிழும் ஒன்றாகக் கேட்டன. தம் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரிப்பார்களோ என்று வாய் திறக்காதிருந்த பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களில் கெட்டிக்காரர் பலர்.

இன்று என் சிகிச்சை அறையிலும் அதையே காண்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் “எங்கேம்மா நோகுது?” என்று கேட்டால் தாய் பதில் சொல்லுவார், சில வேளை தந்தை, சில வேளை தம்பியும். அன்பினால்தான் சொல்லுகிறார்கள். ஆனால் நோவு எங்கே என்று அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். நடுவர் அறை அந்தப் பிள்ளையிடமே கேட்கிறது. அதனால்தான் அது நம் ஊருக்கு முக்கியம். கோப்பைக்காக மட்டும் அல்ல.

நமக்குப் பேச்சுப் பயிற்சி இல்லாமலில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பேச்சை மனனம் செய்து, கையசைவு பழகி, மேடையேறிய தலைமுறைகள் நாம். அது நல்ல பயிற்சி. ஆனால் நடுவர் நேர்காணலுக்கு அது பாதிதான். மனனம் செய்த பேச்சை இடையில் ஒரு கேள்வி வெட்டினால், பிள்ளை தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கும். ஆகவே நமது அணியோடு இருந்த நாட்களில் நான் பேச்சு எழுதிக் கொடுக்கவில்லை. மருத்துவ மாணவரைப் பழக்குவது போலவே பழக்கினேன்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த பாகத்தை ரோபோவைத் தொட்டுக் காட்டி விளக்க வேண்டும். பிறகு பக்கத்துப் பிள்ளை செய்ததையும் விளக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அணி ஊமையாகாது. எல்லாவற்றையும் ஒருத்தியே சொன்னால் மற்றவர்கள் வேலை செய்யவில்லை என்றே நடுவர் எண்ணுவார்.

இரண்டாவது, “என்ன செய்தீர்கள்?” என்பதோடு நிற்காமல் “ஏன்?” என்று மூன்று முறை கேட்டேன். ஏன் இந்தச் சில்லு? ஏன் பெரியது? ஏன் பின்னால்? மூன்றாவது ‘ஏன்’ வரை தாக்குப்பிடிக்கும் பிள்ளைக்கு விடயம் தெரியும்.

மூன்றாவது, வேலை செய்யாமற்போன முயற்சிகளைக் குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதி, அதை நடுவர் முன் திறந்து வைப்பது. இது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைப் போன்றது. முதல் மருந்து பலன் தராததால் இரண்டாவதைத் தெரிவு செய்தோம் என்று காட்டுவது குறையல்ல, அறிவு.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்பது. அதற்குப் பின் ஒரு வாக்கியம் வேண்டும்: “அதை நாங்கள் அளக்கவில்லை, அளப்பதென்றால் இப்படி அளப்போம்.” பரீட்சகர் பலருக்குப் பிடித்த விடை அது.

ஐந்தாவது, ஊரிலிருந்து பேசுவது. பிள்ளைகள் உப்பளத்தைத் தெரிந்தவர்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, நீரமானியில் ஏறத்தாழ 25 போமே பாகை காட்டும்போது உப்பு படியத் தொடங்கும் என்பது இங்கே பல வீடுகளில் அறிந்த செய்தி. வெயிலில் நிற்கும் தொழிலாளியின் கால் படும் பாடும் தெரியும். உப்பு வாரும் இயந்திரத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகள் கதைத்தால் எந்த நடுவரும் காது கொடுப்பார். படத்தில் மட்டும் பார்த்த செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி அவர்களால் அப்படிக் கதைக்க முடியாது.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் விளங்கியதைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் பிள்ளை, அதையே சின்ன ஆங்கில வாக்கியங்களில் பின்னர் சொல்லக் கற்றுக்கொள்ளும். விளங்காததை அழகான ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினால் முதல் கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

பழைய மாணவியருக்கு

லண்டனிலும் ரொறன்ரோவிலும் டோஹாவிலும் கொழும்பிலும் பரந்திருக்கும் சகோதரியரே, இவ்வணிக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது அரை மணி நேரம். கைபேசியில் அழைத்து, “உங்கட ரோபோ என்ன செய்யும்?” என்று கேளுங்கள். நீங்கள் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியை, கணக்காளர், தாதி, வீட்டை நடத்துபவர் எவரும் கேட்கலாம். உங்களுக்கு விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பிள்ளை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும். அந்த இரண்டாவது முயற்சிதான் பயிற்சி. பதிலை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை யோசிக்கும் அந்தப் பத்து விநாடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அந்தப் பத்து விநாடியை யாரும் தந்ததில்லை.

அழைக்க விரும்புவோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம். அணியில் அதிகம் பேசாத பிள்ளையை முதலில் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.